திங்கள் நீங்கலாக

காலை ஆறரை மணிக்கு அடிக்கிற போனில் நல்ல செய்தி வந்ததாக லீவக்காவுக்கு நினைவே இல்லை. ஆறு அரசுத் தொடக்கப் பள்ளிகள், நூற்றுப் பதினெட்டு ஊழியர்கள். இவர்களில் யாருக்குக் காய்ச்சல், யார் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு, யார் வீட்டில் குழாய் உடைந்து கூடம் முழுக்கத் தண்ணீர் என்பதெல்லாம் முதலில் அவள் காதில்தான் விழும். விழுந்ததும் மாற்று ஆசிரியர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டுக் கெஞ்ச வேண்டும். எட்டே முக்காலுக்குள் வகுப்பறையில் பெரியவர் ஒருவர் வந்து நிற்காவிட்டால் முப்பது பிள்ளைகளும் சேர்ந்து கூரையைப் பிய்த்துவிடுவார்கள். வட்டாரக் கல்வி அலுவலகத்தின் பதிவேட்டில் அவள் விடுப்புப் பிரிவு எழுத்தர். அப்படிச் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டதில்லை. ஆறு பள்ளிக்கும் அவள் லீவக்காதான்.

இருபத்தாறு வருஷமாக ஊருக்கெல்லாம் லீவு எழுதிக் கொடுத்தவள் தனக்கென்று எழுதிக்கொண்டது சொற்பம். முழங்கால் இரண்டும் வலிக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம் வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டது. இந்த வருஷம் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு பதினெட்டு நாள் சேர்த்து வைத்திருந்தாள். ஆண்டுத் தேர்வு முடிந்ததும் பதினெட்டையும் ஒரே மூச்சில் எடுக்க வேண்டும். எதற்கு? தூங்குவதற்கு. சுற்றுலா இல்லை, சொந்தக்காரர் வீடு இல்லை, வீட்டுக்கு வெள்ளையடிப்பு இல்லை. போனை அணைத்து அலமாரியில் போட்டுவிட்டுத் தூங்க வேண்டும்.

இதை அவள் வீட்டுக்காரரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"பதினெட்டு நாளா?" என்றார் அவர். "அப்பப்ப மூக்குக்கிட்ட கை வெச்சுப் பாத்துக்கிட்டே இருக்கணுமே நான்."

அவளுடைய தூக்கத்தைக் கெடுத்தவர்களில் முதல் இடம் யாருக்கு என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவாள். மூன்றாவது பள்ளியில் நாலாம் வகுப்பு எடுக்கும் திங்கள் சாருக்கு. ஒன்பது வருஷமாக மாதத்தில் இரண்டு திங்கட்கிழமையாவது, மனசு வைத்தால் மூன்று, காலை ஆறரைக்கு அவரிடமிருந்து போன் வரும். "அக்கா, இன்னைக்கு ஒரு மாதிரி இருக்கு." என்ன மாதிரி என்று அவள் ஆரம்ப காலத்தில் கேட்டதுண்டு. தலைவலி, வயிற்றுவலி, பல்வலி என்று உடம்பின் உறுப்புகள் எல்லாம் தீர்ந்தபின் அவர் உறவுக்காரர்களைச் சாகடிக்க ஆரம்பித்தார். அவருடைய பெரியம்மா ஒருவர் மூன்று வருஷ இடைவெளியில் இரண்டு தடவை இறந்தார். இரண்டாவது தடவை லீவக்கா அனுதாபம் சொல்லவில்லை.

செவ்வாய் முதல் வெள்ளி வரை அவர் நல்ல வாத்தியார், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் திங்கட்கிழமைக்கு மாற்று ஆசிரியர் கிடைப்பது குதிரைக் கொம்பு. கிடைக்காத நாளில் அவருடைய வகுப்பை நாலாகப் பிரித்து மற்ற வகுப்புகளில் திணிப்பார்கள், அல்லது மொத்தமாகச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வைப்பார்கள். பக்கத்து வகுப்பு டீச்சர்கள் அவர் பெயரைச் சொல்லும்போதே பல்லைக் கடிப்பார்கள்.

அப்படிப்பட்டவர் ஒரு புதன்கிழமை காலை கூப்பிட்டார். "அக்கா, ஒரு மாதிரி..." என்று ஆரம்பித்தார்.

ஏற்கெனவே மூன்று பேர் வரவில்லை என்று சொல்லியிருந்த காலை அது. அவளுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "சார், இன்னைக்குப் புதன். கிழமை மாறிப் போச்சா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்துவிட்டாள். வைத்த கையோடு ஒரு திருப்திகூட வந்தது. ஒன்பது வருஷமாகச் சொல்ல நினைத்ததை ஒருவழியாகச் சொல்லியாகிவிட்டது.

அவர் கூப்பிட்ட நேரத்தில் அவர் மனைவி குளியலறைத் தரையில் ஒரு பக்கமாகக் கிடந்தார். ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, அது வருகிறவரை என்ன செய்வதென்று தெரியாமல், ஆறரை மணிக்குக் கைக்குப் பழக்கமான ஒரே நம்பரை அவர் அழுத்தியிருக்கிறார். இது மத்தியானம்தான் லீவக்காவுக்குத் தெரிந்தது. அன்று கொண்டுபோன சாப்பாட்டை அவள் அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு வந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை அவர் நேரில் வந்தார். சவரம் செய்யாத முகம், சட்டையில் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. மனைவிக்கு வலது கையும் காலும் வரவில்லை, பேச்சு குழறுகிறது. பயிற்சி கொடுத்தால் நடந்துவிடலாம் என்கிறார்கள், ஆனால் இரண்டு மாதமாவது கூடவே ஒருவர் இருக்க வேண்டும். பிள்ளைகள் இல்லை. இவருக்கு அவரும் அவருக்கு இவரும்தான்.

"லீவு எத்தனை நாள் இருக்கு அக்கா எனக்கு?" என்று கேட்டார். அவருக்கே விடை தெரியும்.

"ஒண்ணும் இல்ல சார்."

சும்மா வராமல் இருக்கவும் முடியாது. லீவு இல்லாமல் பத்து நாளுக்கு மேல் போனால் அந்த இடம் காலி என்று எழுதி வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். பத்தில் நாலு நாள் ஏற்கெனவே ஓடிவிட்டது. மனைவியா வேலையா என்று அவர் வாயால் கேட்கவில்லை. மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றதிலேயே அது இருந்தது.

"பெட்டி அனுப்புவோம் சார்," என்றாள் லீவக்கா.

அந்த வட்டாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது லீவு தீர்ந்துபோய் வீட்டில் கஷ்டம் வந்தால், மற்றவர்கள் தங்கள் லீவில் இருந்து எடுத்துக் கொடுக்கலாம். அதற்கென்று மரத்தில் ஒரு பெட்டி. தபால் வேனில் ஆறு பள்ளிக்கும் போய்விட்டு வரும். ஒருவர் இரண்டு நாளுக்கு மேல் கொடுக்கக் கூடாது, அரை நாளுக்குக் குறையவும் கூடாது. சீட்டின் இடது பாதியில் கொடுப்பவர் பெயர், வலது பாதியில் எத்தனை நாள் என்பதும் குறிப்பு எழுத ஒரு வரியும். லீவக்கா கத்தரியால் நடுவில் வெட்டி இடது பாதியைப் பூட்டி வைப்பாள், வலது பாதி பெறுகிறவருக்குப் போகும். யார் கொடுத்தார்கள் என்று பெறுகிறவருக்குத் தெரியாது. யாருக்குக் கொடுக்கிறோம் என்று கொடுப்பவருக்கும் தெரியாது. முன்னொரு தடவை பெயர் போட்டு அனுப்பி, அந்த மனிதருக்கு ஒரு சீட்டுகூட விழாமல் பெட்டி வெறுமையாகத் திரும்பி வந்த அவமானத்துக்குப் பிறகு ஏற்பட்ட ஏற்பாடு இது. மனசு மாறினால் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் நேரில் வந்து சீட்டைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். நாலு மணிக்குக் கேட்ட நாட்கள் சேராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி.

அவள் அறிவிப்பைத் தட்டச்சு செய்தாள். 'நம் வட்டார ஊழியர் ஒருவருக்கு. நோய் காரணம். முப்பது நாள் தேவை.' செவ்வாய்க்கிழமை பெட்டி வேனில் ஏறியது. பெட்டியில் போட அவளுக்கென்று இருந்த சீட்டை அவள் எழுதவில்லை. மேஜை இழுப்பறையில் போட்டு மூடினாள். போனில் கத்தியது தப்புதான், ஆயிரம் தடவை தப்பு. ஆனால் இந்த மனிதர் தின்று தீர்த்த தன் காலைகளுக்கு மேல் இன்னும் நாளும் கொடுக்கவேண்டுமா என்று ஒரு முரண்டு உள்ளே உட்கார்ந்திருந்தது.

புதன்கிழமை மாலை பெட்டி திரும்பியபோது அதைத் திறந்து பார்த்தவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நாற்பத்தாறு நாள். இதற்கு முன் எந்தப் பெட்டியிலும் இருபத்தெட்டைத் தாண்டியதில்லை. அதுவும் மூன்றாவது பள்ளியில் இருந்து, அவர் பெயரைச் சொன்னால் பல்லைக் கடிப்பவர்களிடம் இருந்துதான் அதிகம். குறிப்பு வரியில் 'கடவுள் உங்களுக்குத் துணை', 'காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்', 'உங்கள் கையால் சாப்பிட்ட நன்றிக்கு' என்றெல்லாம் எழுதியிருந்தது.

உங்கள் கையால் சாப்பிட்ட நன்றிக்கு? திங்கள் சார் யாருக்குச் சமைத்துப் போட்டார்?

விஷயம் மெல்லத்தான் உறைத்தது. மூன்றாவது பள்ளியின் சமையலக்கா இரண்டு வருஷமாக ஒரு காலைச் சாய்த்து நடக்கிறார். பதினோரு வருஷத்தில் ஒரு நாளும் லீவு போடாதவர், கால் பரிசோதனைக்காகத் திங்களும் செவ்வாயும் வரவில்லை. சரியாக அந்தச் செவ்வாயன்றுதான் பெட்டியும் போயிருக்கிறது. திங்கள் சார் வராதது யாருக்கும் செய்தியே இல்லை என்பதால், ஆறு பள்ளியும் ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று கூட்டிக்கொண்டது.

வியாழக்கிழமை காலை மூன்றாவது பள்ளியின் ஐந்தாம் வகுப்பு டீச்சர் போன் செய்தார். "அக்கா, பெட்டி சமையலக்காவுக்குத்தானே?"

"பேரு சொல்லக் கூடாதே டீச்சர். அதுதானே ஏற்பாடு."

"புரியுது, புரியுது," என்றார் டீச்சர், குரலில் ஒரு சிரிப்போடு.

இல்லை, சமையலக்காவுக்கு இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கு விதியில் தடை இல்லை. லீவக்கா சொல்லவில்லை. அந்த மௌனத்தை டீச்சர் 'ஆமாம்' என்று எடுத்துக்கொள்வார் என்று தெரிந்தேதான் சும்மா இருந்தாள். போன வாரம் புதன்கிழமை காலை தான் வைத்த போனுக்கு இதைக் கொண்டு ஈடுகட்டிவிடலாம் என்று ஒரு நப்பாசை. மற்றவர்கள் கொடுத்ததை வைத்துத் தன் பாவத்தைக் கழுவப் பார்த்தாள் என்றும் சொல்லலாம், அவளே அப்படித்தான் பிறகு சொல்லிக்கொண்டாள்.

அன்று மத்தியானமே குட்டு உடைந்தது. சமையலக்கா பரிசோதனை முடிந்து புதன்கிழமையே வேலைக்கு வந்துவிட்டவர், வழக்கம்போல் நின்றுகொண்டு பெரிய பாத்திரத்தைக் கிளறிக்கொண்டிருந்தார். இரண்டு டீச்சர்கள் போய்க் கரண்டியைப் பிடுங்கப் பார்த்திருக்கிறார்கள். நீங்கள் ஓய்வெடுங்கள், நாங்கள்தான் லீவு கொடுத்திருக்கிறோமே என்றிருக்கிறார்கள். "எனக்கு எதுக்குடி லீவு?" என்று அவர் கேட்க, பிறகு எல்லோரும் யாரைக் காணோம் என்று விரல் விட்டு எண்ண, சாயங்காலத்துக்குள் ஆறு பள்ளிக்கும் தெரிந்துவிட்டது. பெட்டி திங்கள் சாருக்கு.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்ட கையோடு, இரண்டு மணியில் இருந்தே லீவக்காவின் ஜன்னலுக்கு முன்னால் வரிசை நிற்க ஆரம்பித்தது. வாரக் கடைசிக் களைப்பு எல்லோர் முகத்திலும் அப்பியிருந்தது. கையில் சாக்பீஸ் தூள், தோளில் திருத்தாத நோட்டுகள் அடங்கிய பை. வந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. காய்ச்சலோடு பள்ளிக்கு வந்து, சொந்தப் பிள்ளையின் விழாவை விட்டுவிட்டு, ஒவ்வொரு நாளாகச் சேர்த்ததைத்தான் அந்தச் சீட்டில் எழுதிப் போட்டிருந்தார்கள்.

"தப்பா நெனைக்காதீங்க அக்கா," என்றார் ஒருவர். "ஆறு வருஷமா அவரு பிள்ளைங்கள்ல எட்டு பேரு என் வகுப்புல. திங்கக்கிழமைன்னாலே எனக்குத் தொண்டை கட்டிக்கும்."

"பாவம்தான். இல்லேங்கல," என்றார் இன்னொருவர். "ஆனா எனக்கும் அம்மா இருக்காங்கல்ல? நாளைக்கு எனக்கு வேணுமே."

லீவக்கா ஒவ்வொருவருடைய சீட்டையும் தேடி எடுத்தாள். பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சீட்டைத் திருப்பிக் கொடுத்தாள். என்ன சொல்ல முடியும்? அவர்கள் சொன்னதெல்லாம் அவள் மனசிலும் இருந்ததுதான். யாருக்கு என்று தெரியாமல் கொடுத்தவர்கள் இவர்கள். தெரிந்திருந்தும் ஒரு அரை நாள்கூடக் கொடுக்காதவள் அவள் ஒருத்திதான். ஒவ்வொரு சீட்டும் கையைவிட்டுப் போகும்போது அது அவளைக் குத்தியது.

மூன்றரைக்கு நாற்பத்தாறு இருபத்துநாலாகிவிட்டது. வரிசையில் இன்னும் ஏழு பேர்.

அவள் இழுப்பறையைத் திறந்து தன் சீட்டை எடுத்தாள். இரண்டு நாள் என்று எழுதினாள். அதற்கு மேல் எழுத விதி விடாது. பதினெட்டையும் கொட்டிக் கொடுத்து ஒரே அடியில் கணக்கைத் தீர்த்துவிடலாம் என்றால் முடியாது. இருபத்தாறு. ஏழு பேரும் வாங்கிக்கொண்டு போனால் பதினெட்டுக்கோ பதினாறுக்கோ வந்து நிற்கும். ஜன்னலுக்கு மேலே இருந்த கடிகாரத்தை அவள் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.

அப்போதுதான் சமையலக்கா வந்தார். வேலை முடிந்த கையோடு, இடுப்பில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல், இரண்டு பஸ் மாறி, காலைச் சாய்த்துச் சாய்த்துத் தாழ்வாரத்தில் நடந்து வந்தார். வரிசை தானாக விலகி வழிவிட்டது. ஒருவர் நாற்காலி கொண்டுவர ஓடினார்.

"நாற்காலி ஒண்ணும் வேணாம்," என்றார் சமையலக்கா. மூச்சு வாங்கியது. "என் காலைப் பத்தி ஆறு பள்ளிக்கூடமும் பேசுதாமே. யாரு பேசச் சொன்னது? நான் வந்து யாருகிட்டயாவது நொண்டுதுன்னு அழுதேனா?"

சமையலக்கா வரிசையை ஒரு முனையில் இருந்து மறு முனை வரை பார்த்தார்.

"எனக்குன்னு நெனைச்சுத்தான் குடுத்தீங்க, அப்படித்தானே?"

"ஆமாக்கா," என்றார் வரிசையில் முதலில் நின்ற ஐந்தாம் வகுப்பு டீச்சர். குரல் உள்ளே போயிருந்தது.

"சரி. எனக்குன்னு குடுத்தா அது என்னோடது. என்னோடதை நான் அவருக்குக் குடுக்கிறேன். இப்ப எதுக்கு இங்க வந்து நிக்கிறீங்க? எங்கிட்டயிருந்து திருப்பி வாங்கவா?"

லீவக்காவுக்கு விதிப் புத்தகத்தில் இதற்கு என்ன பதில் என்று தெரியவில்லை. கடைசியில் ஐந்தாம் வகுப்பு டீச்சர்தான் மெதுவாகச் சொன்னார். "அக்கா, அவரு வராத திங்கக்கிழமையெல்லாம் நாங்க பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது."

"எனக்கா தெரியாது?" சமையலக்கா திரும்பினார். "ஆள் கிடைக்காதன்னைக்கு அந்த முப்பது பிள்ளைங்களும் யாருகிட்ட இருந்துச்சு? ஒன்பது வருஷமா என்கூட உக்காந்து பட்டாணி உரிக்குதுங்க. உரிச்சதுல பாதிய மூக்குல போட்டுக்குதுங்க. அந்த மனுஷன் மேல எனக்கு இருக்கிற கோபத்துக்கு அவரு தட்டுல உப்ப அள்ளிக் கொட்டணும். ஆனா கீழ விழுந்து கிடக்குறது அவரு பொண்டாட்டி. அவளா திங்கக்கிழமை லீவு போட்டா?"

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "எனக்கு எத்தன நாள் மிச்சம் இருக்கும்மா?" என்று கேட்டார்.

"உங்களுக்கு வருஷத்துக்கே அஞ்சு நாள்தான்க்கா. ரெண்டு போயிடுச்சு. மூணு இருக்கு. உங்களுக்கே காலுக்கு..."

"ஒரு நாள் எழுது. கண்ணாடி எடுத்துட்டு வரல, நீயே எழுது. குறிப்புன்னு ஒரு இடம் இருக்குமாமே, அதுலயும் எழுது. 'ஒரு நாள் தர்றேன். ஆனா அது திங்கக்கிழமையா இருக்கக் கூடாது.'"

லீவக்கா எழுதினாள். எழுதும்போதே வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார். அதைக் கேட்டு இன்னொருவர். ஒரு வாரமாக யாருக்கும் வராத சிரிப்பு, அழுகை மாதிரி தோளைக் குலுக்கிக்கொண்டு வந்தது. ஐந்தாம் வகுப்பு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் வழியே கையை நீட்டினார்.

"என் சீட்டைக் குடுங்கக்கா."

லீவக்காவின் கை தயங்கியது.

"எடுத்துட்டுப் போக இல்ல. குறிப்பு எழுத." வாங்கி, ஜன்னல் கட்டையில் வைத்து, சிவப்பு மையில், விடைத்தாள் திருத்துகிற கையெழுத்தில் எழுதினார்: 'திங்கள் நீங்கலாக.'

மற்ற ஆறு பேரும் அதையேதான் செய்தார்கள். வெளியே மரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருந்தவர்களில் சிலர் என்ன சிரிப்பு என்று எட்டிப் பார்த்து, விஷயம் கேட்டு, கைப்பையில் இருந்து சீட்டை எடுத்து நீவி மறுபடி நீட்டினார்கள். ஒருவர் ஒரு நாள், ஒருவர் ஒன்றரை, ஒருவர் முனகிக்கொண்டே ஒன்று. எல்லோரும் வரவில்லை. பஸ் ஏறிப் போனவர்கள் போனவர்கள்தான். நாலுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது லீவக்கா கூட்டிப் பார்த்தாள். முப்பதரை.

வட்டாரக் கல்வி அதிகாரி கையெழுத்துப் போடுமுன் ஒரு சீட்டைத் தூக்கிப் பார்த்தார். "திங்கள் நீங்கலாகன்னு போட விதியில இடம் இருக்கா?"

"இடம் இல்லேன்னும் போடலையே சார்," என்றாள் லீவக்கா. அவர் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை காலை ஆணையையும் வலது பாதிச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு அவளே ஆஸ்பத்திரிக்குப் போனாள். தபாலில் அனுப்பலாம்தான். ஆனால் மனசு கேட்கவில்லை. திங்கள் சார் மனைவியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வராத கையின் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்றார்.

"சார், அன்னைக்கு நீங்க கூப்பிட்டப்ப..." என்று அவள் ஆரம்பித்தாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம் பாதியாகச் சுருங்கிவிட்டது. "நான் பாட்டுக்கு போனை வெச்சுட்டேன்."

அவர் யோசித்தார். "வெச்சீங்களா? எப்பவுமே அப்படித்தானேக்கா வெப்பீங்க."

அதைவிட அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

அவர் சீட்டுகளைப் படித்தார். மெதுவாக, ஒவ்வொன்றாக. 'காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்பதைப் பார்த்து விழித்தார், அதை அவள் விளக்கவில்லை. 'உங்கள் மனைவிக்காக. உங்களுக்காக இல்லை' என்று ஒன்று. 'திங்கள் நீங்கலாக' என்று சிவப்பில் ஒன்று. அடுத்ததும் அதே. அதற்கடுத்ததும் அதே. படிக்கப் படிக்க அவர் காது சிவந்துகொண்டே வந்தது. கடைசிச் சீட்டை வைத்துவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கினார்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா நெஞ்சுல ஏதோ வந்து உக்காந்துக்கும்க்கா. காலையில எழுந்திருக்கவே முடியாது. வேற காரணம் ஒண்ணும் இல்ல. சொல்லிக்கிற மாதிரி ஒண்ணுமே இல்ல."

"எல்லாருக்கும் உக்காரும் சார்," என்றாள் லீவக்கா. கோபமாகச் சொல்லத்தான் நினைத்தாள், அலுப்பாகத்தான் வந்தது. "எனக்கும்தான் உக்காரும். அதோடயே எழுந்து வர்றதுதான்."

அவர் தலையை ஆட்டினார். பிறகு, "எல்லாத்தையுமே செவ்வாய்ல இருந்து வெள்ளிக்குப் போட்டுடுங்க அக்கா. திங்கக்கிழமை நான் வந்துடுறேன்," என்றார்.

"ஏழெட்டுச் சீட்டுலதான் சார் அப்படி எழுதியிருக்கு. மத்ததை நீங்க எப்ப வேணா..."

"இல்லக்கா. வந்துடுறேன்."

"அப்ப இவங்ககூட யாரு இருப்பாங்க?"

அதை அவர் யோசித்திருக்கவில்லை. முகத்தில் தெரிந்தது. கட்டிலில் இருந்த அம்மாள் இடது கையால் ஏதோ சொல்ல முயன்றார், போகட்டும், நான் தனியாக இருந்துகொள்வேன் என்பது மாதிரி. அந்தக் கை பாதி உயரத்தில் நடுங்கிக் கீழே விழுந்தது.

லீவக்காவுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. வாயை மூடிக்கொண்டு ஆணையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். வாய் முந்திக்கொண்டது. "நான் வர்றேன். எனக்கு லீவு கிடக்கு."

செவ்வாய் முதல் வெள்ளி வரை என்று போட்டால் முப்பது நாள் எட்டு வாரம் ஓடும். எட்டுத் திங்கட்கிழமை. வீட்டில் சொன்னபோது அவள் வீட்டுக்காரர் விரல் விட்டு எண்ணினார். "பதினெட்டுல ரெண்டு போச்சு, எட்டு போச்சு. மிச்சம் எட்டு. பரவாயில்ல, ஒரு கண்ணை மட்டும் மூடித் தூங்கு." சொல்லிவிட்டு, முதல் திங்கட்கிழமை விடியுமுன் எழுந்து அவளுக்கு முன்னால் டீ போட்டு வைத்திருந்தார்.

அவள் போய்ச் சேர்ந்தபோது திங்கள் சார் சவரம் செய்து, பொத்தானைச் சரியாகப் போட்டு, பையும் கையுமாக வாசலில் நின்றுகொண்டிருந்தார். மாத்திரை எங்கே, தலையணையை எந்தப் பக்கம் வைக்க வேண்டும், எதைக் கொடுத்தால் புரை ஏறும் என்று மூன்று தடவை சொன்னார். வாசலுக்குப் போனவர் திரும்பி வந்து நாலாவது தடவையும் சொன்னார். அவள் தள்ளாத குறையாக அனுப்பி வைத்தாள். விடுப்புப் பிரிவின் போனை அன்றைக்கு உதவி எழுத்தரிடம் கொடுத்தாயிற்று. முதல் தடவையாகத் திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு அவள் யாருக்கும் ஆள் தேட வேண்டியதில்லை.

அறையில் மருந்து வாசனையும் ஈரத் துணி வாசனையும் இருந்தன. அவள் அந்த அம்மாளுக்கு முகம் துடைத்துவிட்டாள், இரண்டு கரண்டி கஞ்சி கொடுத்தாள், பிறகு நாற்காலியில் சாய்ந்தாள். முழங்கால் விண்விண் என்றது. கண் தானாக மூடியது. சரியாக அப்போது அவளுடைய சொந்த போன் அடித்தது. எடுக்காமலே அவளுக்குத் தெரிந்தது. பார்த்தால் அவர் பெயர்தான்.

வராமல் இருப்பதற்குத்தான் இருக்கும். பாதி வழியில் நெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கும். பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு 'அக்கா, ஒரு மாதிரி' என்று ஆரம்பிக்கப் போகிறார். சீட்டுக் கொடுத்தவர்களுக்கு அவள் என்ன பதில் சொல்வாள்? கட்டிலில் இருந்த அம்மாளும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணிலும் அதே பயம் இருந்ததை லீவக்கா பார்த்தாள். இவரும் ஒன்பது வருஷத் திங்கட்கிழமைகளைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்தானே.

போனை இருவருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். "சொல்லுங்க சார்."

"அக்கா..." மூச்சிரைத்தது. "நான் வந்துட்டேன். ஆனா கேட் பூட்டியிருக்கு. யாரையும் காணோம். இன்னைக்கு லீவா என்ன?"

லீவக்கா போனிலேயே மணியைப் பார்த்தாள். "மணி ஆறே முக்கால் சார். ஏழரைக்குத்தான் திறப்பாங்க."

"ஓ." கேட்டை ஒரு தடவை ஆட்டிப் பார்க்கிற சத்தம் வந்தது. "திங்கக்கிழமையும் ஏழரையாக்கா?"

கட்டிலில் இருந்த அம்மாளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது, கண் இரண்டும் நனைந்தன. லீவக்கா அவருடைய வராத கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"திங்கக்கிழமையும் ஏழரைதான் சார்," என்றாள். "அங்கயே உக்காந்திருங்க. திறந்துடுவாங்க."